முதலாளி ஊருக்குப் போன நாளில்

சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில், இப்போதெல்லாம் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "சார், பையன் வேலையை விட்டுவிட்டுப் பட்டறை வைக்கப் போகிறேன் என்கிறான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" கேட்பவர் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர், அல்லது ஓய்வு பெறும் தறுவாயில் இருப்பவர். வாயால் கேட்காமல் கண்ணால் கேட்கும் மறுபாதிக் கேள்வி, "என் பி.எப். பணத்தை எடுத்துக் கொடுக்கலாமா?" என்பது. அண்மையில் ஒரு பெண் பிள்ளையின் தகப்பனாரும் கேட்டார். அவள் தொடங்க இருப்பது பட்டறை அல்ல, இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் தொழில். ஆகவே இது இரும்படிக்கிறவர்களுக்கு மட்டுமான விஷயம் அல்ல.

நான் நிர்வாக இயல் படித்தவன் அல்லன். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, டீசல் ஷெட்டில் 36 ஆண்டுகள் கழித்தவன். சொந்தமாக ஒரு பெட்டிக்கடைகூட வைத்ததில்லை. ஆனால் புஷ், பின், கிளாம்ப், ரப்பர் பேடு என்று எங்களுக்குச் சிறு பாகங்கள் செய்து தரும் பட்டறைகளை நேரில் போய்ப் பார்த்து வரும் வேலை அவ்வப்போது என் தலையில் விழும். போசரியிலும் சிஞ்ச்வடிலும் நான் ஏறி இறங்காத சந்து குறைவு. அவற்றில் நன்றாக வளர்ந்தவையும் உண்டு. இரண்டே வருடத்தில் பூட்டுத் தொங்கியவையும் உண்டு. எது நிலைக்கும், எது நிலைக்காது என்று முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவேன் என்று பெருமை அடித்துக் கொள்ள மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனித்து வைத்திருக்கிறேன்.

முன்கூட்டிச் சொல்லாமல் போவேன். முதலாளி இருக்க மாட்டார். பேங்குக்குப் போயிருப்பார், அல்லது ஊருக்குப் போயிருப்பார். சில பட்டறைகளில் அந்த நேரத்தில் யாரைக் கேட்டாலும், "சேட் வந்துதான் சொல்லணும்" என்ற ஒரே பதில்தான். அளவுக் கருவி எங்கே? முதலாளியின் மேஜை டிராயரில். சாவி? அவர் பையில். லேத் என்னவோ ஓடிக் கொண்டுதான் இருக்கும். அதிலிருந்து விழுவது சரியான அளவில் இருக்கிறதா என்று சொல்லத்தான் ஆள் இருக்காது. வேறு சில பட்டறைகளில் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு ஒரு பையன் வருவான். நான் கேட்குமுன்பே கேஜையும், அன்று காலையிலிருந்து எழுதிய நோட்டையும் எடுத்து நீட்டுவான். "பத்தாவது பீஸ் அளவு கூடிவிட்டது சார். டூலை மாற்றினேன். அந்த ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறேன்" என்பான். பத்து வருடம் கழித்தும் கதவு திறந்திருந்தவை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைப் பட்டறைகள்தான்.

முதல் வகை முதலாளிகள் சோம்பேறிகள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவர்களில் பலர் கைத்தொழிலில் மற்றவர்களை விடத் திறமைசாலிகள். சங்கடமே அங்கேதான் இருக்கிறது. நல்ல வேலைக்காரர் ஒருவர் பட்டறை தொடங்குகிறார். அவருடைய கைதான் மூலதனம். இன்னொருவர் கையை அவரால் நம்ப முடிவதில்லை. ஒரு நாளைக்குப் பதினான்கு மணி நேரம் உழைக்கிறார். அதற்கு மேல் பட்டறை வளர்வதில்லை. அவருக்கு டெங்கு வந்து மூன்று வாரம் படுத்தால் பட்டறையும் கூடப் படுத்து விடுகிறது. இவர் தனக்குத் தானே ஒரு கடினமான வேலையைக் கொடுத்துக் கொண்டிருக்கிறாரே தவிர, தொழில் என்ற ஒன்றை இன்னும் தொடங்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

கள்ளிக் காட்டில் ஒரு தொழிற்சாலை

புனேயிலிருந்து மிராஜ் வழியாகப் போகும் ரயில்களில், கராடுக்கும் சாங்லிக்கும் நடுவே கிர்லோஸ்கர்வாடி என்ற நிலையம் வரும். சாளுக்கியா எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிக்குப் போகும் நம் அன்பர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள். முன்பு அந்த நிலையத்துக்குக் குண்டல் ரோடு என்று பெயர். ஊர்ப் பெயரால் நிலையத்தை அழைப்பதுதான் வழக்கம். இங்கே ஒரு தொழிற்சாலை வந்த பிறகு நிலையத்தின் பெயரே மாறியது. ரயில்வேயில் ஒரு பெயர்ப் பலகையை மாற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும்.

அந்தத் தொழிற்சாலையை நிறுவியவர் லட்சுமணராவ் கிர்லோஸ்கர். 1869-இல் பெல்காம் மாவட்டத்தில் பிறந்தவர். ஓவியராக வேண்டும் என்று பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் சேர்ந்தார். சில நிறங்களை அவரால் பிரித்தறிய முடியவில்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. ஓவியத்தை விட்டு இயந்திர வரைபடம் கற்றுக் கொண்டு, அதையே பம்பாய் விக்டோரியா ஜூபிலி தொழிற்கல்விக் கூடத்தில் மாணவர்களுக்குக் கற்பித்தார். தனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போகவே, வேலையை உதறிவிட்டுப் பெல்காமுக்குத் திரும்பினார். அங்கே சகோதரர் ராமுஅண்ணாவுடன் சைக்கிள் கடை இருந்தது. அதிலிருந்து சிறு பட்டறை. பட்டறையில் கால்நடைத் தீவனம் நறுக்கும் இயந்திரம். பிறகு இரும்புக் கலப்பை.

கலப்பை விற்கவில்லை. இரும்பால் உழுதால் மண்ணில் விஷம் ஏறும், நிலம் மலடாகி விடும் என்று விவசாயிகள் பயந்தார்கள். முதல் கலப்பையை விற்க இரண்டு வருடம் ஆயிற்று. இந்த இரண்டு வருடத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். இன்று புதிதாகத் தொழில் தொடங்கும் பிள்ளைகளிடம், "முதல் பொருள் விற்கும் வரை எத்தனை மாதம் தாக்குப் பிடிப்பாய்?" என்று கேட்டால், "மூன்று மாதத்தில் ஆர்டர் வந்துவிடும் அங்கிள்" என்கிறார்கள். வரட்டும். வராவிட்டால் என்ன என்பதற்கும் ஒரு பதில் வேண்டுமல்லவா?

கலப்பை நடக்கத் தொடங்கியபோது இடம் போயிற்று. பெல்காம் நகராட்சி விரிவாக்கத்துக்காகப் பட்டறையைக் காலி செய்ய வேண்டி வந்தது. அப்போது அவுந்த் சமஸ்தானத்தின் அரசர் பாலாசாகேப் பந்த் பிரதிநிதி கைகொடுத்தார். வட்டியில்லாக் கடனாகப் பத்தாயிரம் ரூபாயும், குண்டல் ரோடு நிலையத்தருகே 32 ஏக்கர் நிலமும் கிடைத்தன. நிலம் என்றால் கள்ளியும் நாகப்பாம்பும் நிறைந்த தரிசு. லட்சுமணராவின் மகன் சந்தனுராவ் பிற்காலத்தில் எழுதிய ஆங்கிலச் சுயசரிதைக்குக் 'கேக்டஸ் அண்ட் ரோசஸ்' என்று பெயர் வைத்தார். 1910-இல் சுமார் இருபத்தைந்து தொழிலாளர்களும் அவர்கள் குடும்பங்களும் அந்தக் காட்டில் போய்க் குடியேறினார்கள்.

அங்கே அவருடன் இருந்தவர்கள் யார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பட்டம் பெற்ற பொறியாளர்கள் அல்லர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட ஒருவர் அங்கே கற்பனை வளமுள்ள பொறியாளராக ஆனார். பெரிய படிப்போ பேரோ இல்லாத ஒருவர் எந்த வேலையையும் முடித்துத் தரும் நிர்வாகியானார். ஒரு காலத்தில் கொள்ளைக்காரர்கள் என்று ஊரே அஞ்சியவர்களை அழைத்து இரவுக் காவலுக்கு வைத்தார். அவர்கள் நம்பிக்கையான காவலாளிகளாக இருந்தார்கள். ஆள் கிடைக்கவில்லை, நல்ல ஆள் கிடைக்கவில்லை என்பது இன்று எல்லா முதலாளிகளும் பாடும் பாட்டு. கள்ளிக் காட்டில் யார் கிடைத்திருப்பார்கள்? கிடைத்தவர்களைக் கொண்டுதான் அவர் செய்தார்.

அவர் வரைபடம் கற்பித்த ஆசிரியர் என்பதை நான் சும்மா சொல்லவில்லை. வரைபடம் என்பது என்ன? செய்யச் சொல்பவர் பக்கத்தில் இல்லாதபோது, செய்பவரிடம் அவருக்குப் பதிலாகப் பேசும் காகிதம். எவ்வளவு நீளம், எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்று எல்லாம் அதில் இருக்கும். அதை வாழ்நாளெல்லாம் வரைந்த மனிதருக்கு, தான் இல்லாமலும் வேலை நடக்க வேண்டும் என்ற எண்ணம் இயல்பாகவே வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 1946-இல் புனேயில் டீசல் என்ஜினுக்கும் பெங்களூரில் மின் மோட்டாருக்கும் கிர்லோஸ்கர் கம்பெனிகள் தோன்றின. லட்சுமணராவ் 1956-இல் காலமானார். கிர்லோஸ்கர்வாடியில் இன்றும் பம்புகள் செய்கிறார்கள்.

கேங்மேனின் சிவப்புக் கொடி

ரயில்வேயைப் பற்றி ஆயிரம் குறை சொல்லலாம். நானே ஐந்நூறு சொல்வேன். ஆனால் ஒரு விஷயத்தில் எந்தக் கம்பெனியும் எங்களிடம் பாடம் கற்கலாம். தண்டவாளத்தில் நடந்து போகும் கேங்மேன் (இப்போது பதவியின் பெயரை மாற்றிவிட்டார்கள்) ஒரு விரிசலைக் கண்டால் சிவப்புக் கொடியைக் காட்டுவார். கொடி இல்லாவிட்டால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்குவார். வருவது ராஜதானியாக இருந்தாலும் சரி, ஜெனரல் மேனேஜரின் ஸ்பெஷலாக இருந்தாலும் சரி, டிரைவர் நிறுத்தியாக வேண்டும். "நீ யார் நிறுத்த?" என்ற பேச்சே கிடையாது. விரிசலைக் கண்டுபிடித்து வண்டியை நிறுத்தியவரைப் பாராட்டிப் பரிசும் கொடுப்பார்கள்.

பட்டறைக்கு வாருங்கள். ஹீட் ட்ரீட்மென்டுக்குப் போய் வந்த பின்களில் ஏதோ சரியில்லை என்று முதலில் தெரிவது அதைக் கையால் எடுத்து அடுக்கும் பையனுக்குத்தான். அவன் முதலாளியிடம் சொல்வானா மாட்டானா என்பது, போன தடவை சொன்னவனுக்கு என்ன கிடைத்தது என்பதைப் பொறுத்தது. ஒரு பட்டறையில் நானூறு பின் வந்தது. எங்கள் சோதனையில் பாதி தேறவில்லை. மொத்தத்தையும் திருப்பி அனுப்பினோம். விசாரித்தால், அங்கே வேலை செய்யும் மூன்று பேருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. முதலாளிக்குக் கோபம் வந்தால் கையில் இருப்பது பறக்குமாம். இன்னொரு பட்டறையின் முதலாளி அதே மாதிரியான நிலையில் காலையிலேயே எனக்குப் போன் செய்தார். "சார், அறுபது பின் சரியில்லை என்று என் ஹெல்பர் சொல்கிறான். நான் பார்த்தேன், உண்மைதான். இரண்டு நாள் கொடுங்கள்" என்றார். நான் முணுமுணுத்தேன், அது எங்கள் உத்தியோக வழக்கம். ஆனால் அடுத்த ஆர்டர் யாருக்குப் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று, பொறுப்பு மாற்றிக் கொடுக்கும் நோட்டு. ஷெட் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும். ஷிப்ட் முடிந்து போகிறவர், எந்த என்ஜினில் என்ன வேலை பாதியில் நிற்கிறது, எந்தப் பாகம் கழற்றி வைத்திருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போவார். வருகிறவர் படித்துக் கையெழுத்துப் போடுவார். ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் இப்படி ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். வாட்ஸ்அப் குழு இருக்கிறதே என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். ரோஜாப்பூவும் காலை வணக்கமுமாக வந்து குவியும் படங்களுக்கு நடுவே, போன செவ்வாய்க்கிழமை எழுதிய ஓர் அளவைத் தேடி எடுத்துப் பாருங்கள்.

மாவுத் தொழிலுக்கும் இதே கதைதான். அரிசிக்கு உளுந்து எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், குளிர்காலத்தில் புளிக்க எவ்வளவு நேரம் கூட ஆகும் என்பதெல்லாம் அம்மாவின் கையிலும் மூக்கிலும் இருக்கிறது. கைப்பக்குவம் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பக்குவத்தை ஒரு குவளைக்கும் கடிகாரத்துக்கும் சுவரில் ஒட்டிய காகிதத்துக்கும் கொண்டு வந்தால்தான், வீட்டில் கல்யாணம் வந்தாலும் கடைக்கு மாவு போகும்.

எண்பது ரூபாய்க் கடன்

இதை நம் மகாராஷ்டிரத்துப் பெண்கள் சிலர் எப்போதோ செய்து காட்டிவிட்டார்கள். 1959 மார்ச் 15 அன்று பம்பாய் கிர்காமில் ஏழு குஜராத்திப் பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட்டார்கள். முதல் நாள் நான்கு பாக்கெட். அதுதான் லிஜ்ஜத் பாப்பட். தொடக்கத்தில் உயர்ந்த ரகம் ஒன்று, விலை குறைந்த மட்ட ரகம் ஒன்று என்று இரண்டு விதமாகச் செய்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய சகன்லால் கரம்சி பரேக் என்ற பெரியவர், ஒரே தரம்தான் இருக்க வேண்டும் என்றார். தர்மகாரியமாக நினைக்காமல் வியாபாரமாக நடத்திச் சரியாகக் கணக்கு எழுதச் சொன்னார். பல்லாயிரம் பெண்கள் சேர்ந்த பிறகும் முறை அதுதான். மாவு ஓரிடத்தில் பிசையப்படுகிறது. பெண்கள் வாங்கிப் போய் அவரவர் வீட்டில் இட்டுக் கொண்டு வருகிறார்கள். எடையும் தரமும் பார்த்து வாங்கிக் கொள்கிறார்கள். இடும்போது மேலே நின்று பார்க்க ஒரு மேஸ்திரியும் இல்லை.

கணக்கு என்று சொன்னேன். உழுகிறவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது நம் பழமொழி. பட்டறைக்காரன் கணக்குப் பார்க்காவிட்டால் உழக்கும் போய்க் கடன்தான் மிஞ்சும். நான் பார்த்தவரை, வேலை இல்லாமல் மூடிய பட்டறைகளை விட, கை நிறைய வேலை இருந்தும் மூடிய பட்டறைகள்தான் அதிகம்.

எப்படி என்று ஓர் உதாரணக் கணக்கு. மாதம் ஐந்து லட்சம் ரூபாய்க்கு ஆர்டர் கிடைக்கிறது. இரும்பு 3 லட்சம். புது ஆளுக்கு இரும்புக் கடைக்காரர் கடன் தர மாட்டார், ரொக்கம்தான். கூலி 80 ஆயிரம். வாடகை, கரண்ட், வண்டிச் சத்தம் 30 ஆயிரம். ஆக மாதச் செலவு 4 லட்சத்து 10 ஆயிரம், லாபம் 90 ஆயிரம். அருமையான தொழில்தான். ஆனால் வாங்கும் கம்பெனி பில் கொடுத்துத் தொண்ணூறு நாள் கழித்துப் பணம் தருகிறது. முதல் மாதச் சரக்குக்கு மாதக் கடைசியில் பில் போட்டால், பணம் வருவது நான்காவது மாதக் கடைசியில். அதற்குள் கையிலிருந்து 16 லட்சத்து 40 ஆயிரம் போய்விடும். நோட்டில் 3 லட்சத்து 60 ஆயிரம் லாபம் இருக்கும். சனிக்கிழமை கூலி கொடுக்கப் பணம் இருக்காது. போதாக்குறைக்கு, வாங்கியவர் பணம் தந்தாரோ இல்லையோ, ஜி.எஸ்.டி. கட்ட வேண்டிய நாளில் கட்டியாக வேண்டும். அதே கம்பெனி நாற்பத்தைந்து நாளில் தந்தால் சுமார் பத்தே கால் லட்சத்தோடு சமாளித்து விடலாம். ஆகவே விலை பேசும்போது, பணம் எப்போது என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்தாலும் சீக்கிரம் தருகிறவரே நல்ல வாடிக்கையாளர்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தரவேண்டிய பணத்தை வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் தந்துவிட வேண்டும். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. உத்யம் பதிவு இலவசம். முதல் பில் போடுமுன்பே அதைச் செய்து கொள்ளுங்கள். ஆனால் ஒரே பெரிய வாடிக்கையாளரை வைத்துக் கொண்டு அவர் மேலேயே புகார் கொடுக்க யாருக்கும் துணிவு வராது. அதனால்தான் ஒருவரை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்கிறேன். மூன்று பேராவது இருக்கட்டும். ஒருவர் இழுத்தடித்தால் மற்ற இருவர் பணத்தில் கூலி கொடுக்கலாம்.

கூலியைப் பற்றி ஒரு வார்த்தை. சொன்ன தேதியில் கொடுத்துவிடுங்கள். பட்டறையில் நிற்பவர்களில் பாதிப் பேர் பீகாரிலும் மராட்வாடாவிலும் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். நம் அப்பாக்களும் அப்படி ரயிலேறி வந்தவர்கள்தான். மணியார்டர் ஒரு வாரம் தாமதமானால் ஊரில் என்ன ஆகும் என்பது இந்தச் சங்கத்தில் பலருக்குத் தெரியும். முதலாளியும் தனக்கென்று ஒரு சம்பளம் வைத்துக் கொண்டு அதை மட்டும் எடுக்க வேண்டும். கல்லாவில் கைவிட்டு எடுக்கும் வழக்கம் வந்தால், லாபம் எது, வீட்டுச் செலவு எது என்று பிறகு பிரிக்க முடியாது.

இனி அந்தப் பி.எப். கேள்வி. பிணையில்லாமல் கடன் தர 2015 முதல் முத்ரா திட்டம் இருக்கிறது. முதலில் பேங்குக்குப் போகச் சொல்லுங்கள். பேங்க் மேனேஜர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தயாரிப்பதே பையனுக்கு நல்ல பயிற்சி. அப்பா கொடுப்பதானால், மருந்துக்கும் மாதச் செலவுக்கும் வேண்டியதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்திலிருந்து கடனாகக் கொடுங்கள். எவ்வளவு தொகை, எந்த மாதத்திலிருந்து எவ்வளவு திருப்பிக் கொடுப்பது என்று ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வீட்டு அம்மாவும் அதைப் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தப் பணத்தில் அவர் மிச்சம் பிடித்தது எவ்வளவு என்பது நமக்குத் தெரியாதா? மூன்று தவணை தொடர்ந்து தவறினால் மூவரும் உட்கார்ந்து, மேற்கொண்டு நடத்துவதா நிறுத்துவதா என்று பேசுவது என்றும் அதிலேயே ஒரு வரி எழுதிக் கொள்ளுங்கள்.